பட்டாணியை எண்ணிய உழவர் மகன்

பெரிய இடத்துப் பிள்ளைக்கு மூளை பெரிது. சிறிய இடத்துப் பிள்ளைக்கு அது சிறிது. எல்லாம் இரத்தத்தில் வருகிறது, பிறப்பில் வருகிறது. இப்படிப் பேசுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். படிக்க வசதியில்லாதவர் இப்படிப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டம் பெற்று, பதவியில் அமர்ந்து, விஞ்ஞானத்தின் பேராலேயே இதைப் பேசுகிறவர்கள் உண்டு. பரம்பரை என்கிறார்கள், ஜீன் என்கிறார்கள், டி.என்.ஏ. என்கிறார்கள்.

சரி, அந்த விஞ்ஞானத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்துவிடுவோம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வருகிறது, எந்தக் கணக்கில் வருகிறது என்பதை முதன்முதலாக எண்ணிச் சொன்னவர் யார்? கிரிகோர் மெண்டல். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர்தான். ஆனால் அவர் எந்த இடத்துப் பிள்ளை? அது பாடப் புத்தகத்தில் இராது. அதைத்தான் இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

வெட்டி வேலைக்காரர் வீட்டில்

1822 ஜூலை 20. ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்ட சிலேசியாவில் ஹைன்சென்டார்ஃப் என்ற சிற்றூர். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. அங்கே ஆன்டன் மெண்டல் என்ற குடியானவருக்கு ஒரு மகன் பிறந்தான். யோஹான் என்று பெயரிட்டார்கள். அவனுக்கு ஓர் அக்காள், ஒரு தங்கை.

ஆன்டனுக்குச் சொந்த நிலம் உண்டு. சொந்த நேரம்தான் இல்லை. வாரத்தில் மூன்று நாள் பண்ணைச் சீமாட்டியின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நம் ஊரில் வெட்டி என்று சொன்னோமே, அதுதான். அந்த நாட்டில் அதற்கு ரோபோட்டா என்று பெயர். இயந்திர மனிதனை இன்று உலகம் ரோபோ என்று அழைக்கிறதே, அந்தச் சொல் இந்த வெட்டி வேலையிலிருந்துதான் பிறந்தது. 1848 புரட்சி வந்த பிறகுதான் ஆஸ்திரியாவில் இந்தக் கொடுமை ஒழிந்தது.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1838-ல், ஆன்டனின் வாழ்க்கை முறிந்துவிட்டது. சீமாட்டிக்காக மரம் வெட்டப் போன இடத்தில் ஒரு பெரிய கட்டை உருண்டு அவர் மார்பை நசுக்கியது. உயிர் பிழைத்தார், உழைக்கும் உடம்பு போயிற்று. மகனுக்கு அப்போது வயது 16. ட்ரோப்பாவ் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அரைச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அந்தக் காசில் படித்தான். பட்டினியும் கவலையும் சேர்ந்து அவனைப் பலமுறை படுக்கையில் தள்ளின.

பள்ளி முடிந்து மேல்படிப்புக்குப் போக வேண்டும். பணம்? தங்கை தெரேசியா முன்வந்தாள். தன் கல்யாணத்துக்கென்று இருந்த சீதனப் பங்கில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள். உலகத்துக்கு மெண்டலைக் கொடுத்தது அந்தச் சீதனப் பணம். அண்ணனும் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். இருவர் வைத்தியர்கள் ஆனார்கள்.

அதற்கு மேலும் படிக்க வழி? ஏழைப் பிள்ளைக்கு அந்த நாளில் ஒரே வழிதான். 1843-ல் ப்ரூன் நகரத்து அகஸ்டினியன் மடத்தில் சேர்ந்தார். இன்று அந்த நகரத்துக்குப் பெயர் பர்னோ. மடத்தில் கிடைத்த பெயர்தான் கிரிகோர். வயிற்றுப்பாட்டுக் கவலை தீர்ந்தால்தான் படிக்க முடியும் என்ற நிலைமையே தம்மை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

பரீட்சையில் தோற்றவர்

மடத்தில் இருந்தபடியே பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்தார். நிரந்தரமாக வேண்டுமானால் வியன்னாவில் பரீட்சை எழுத வேண்டும். 1850-ல் எழுதினார், தோற்றார். உயிரியல் பாடத்திலேயே மதிப்பெண் போதவில்லை! 1856-ல் மறுபடி போனார். உடல்நலம் கெட்டுப் பாதியிலேயே திரும்பினார். ஆக, உயிரியலுக்கே புது அடிப்படை போட்ட மனிதர் கடைசி வரை தற்காலிக ஆசிரியராகவே பாடம் நடத்தினார்.

முதல் தோல்வியால் ஒரு நன்மை விளைந்தது. மடத்துத் தலைவர் சிரில் நாப் அறிவை மதிக்கத் தெரிந்தவர். மெண்டலை வியன்னாப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். 1851 முதல் 1853 வரை அங்கே பௌதிகமும் கணிதமும் தாவரவியலும் கற்றார். எதையும் அளந்து பார், எண்ணிப் பார் என்கிற பௌதிகப் பழக்கம் அங்கேதான் படிந்தது.

எட்டு ஆண்டு எண்ணிக்கை

1856-ல் மடத்துத் தோட்டத்தின் ஒரு துண்டு நிலத்தில் பட்டாணி விதைத்தார். அதற்கு முன்பே விதைக் கடைகளிலிருந்து 34 ரகங்களை வாங்கி, இரண்டு ஆண்டுகள் பயிரிட்டு, ரகம் மாறாமல் விளைகின்றனவா என்று சோதித்து, 22 ரகங்களைத் தேர்ந்து வைத்திருந்தார். உழவர் மகன் அல்லவா? விதை பார்க்கத் தெரிந்தவர்.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறும். மெண்டல் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிவார். வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார். வண்டு வந்து கெடுத்துவிடாதபடி பூவை மூடிக் கட்டுவார். இப்படி ஒவ்வொரு பூவுக்கும்! உருண்டை விதை, சுருங்கிய விதை. மஞ்சள் விதை, பச்சை விதை. நெட்டைச் செடி, குட்டைச் செடி என்று ஏழு ஜோடிப் பண்புகளை எடுத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 28,000 செடிகள்.

என்ன கண்டார்? உருண்டையையும் சுருக்கத்தையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் செத்துவிட்டதா? இல்லை. அடுத்த தலைமுறையில் திரும்பி வந்தது. 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். நிறத்தைப் பார்த்தார். 6,022 மஞ்சள், 2,001 பச்சை. எதை எடுத்தாலும் மூன்றுக்கு ஒன்று.

ஏன் அப்படி? ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு சீட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் கொடுத்தது ஒன்று. தந்தை கொடுத்தது ஒன்று. தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது செடி இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். இப்படிக் கலப்புச் செடிகள் இரண்டு கொடுத்தால் நாலு விதமாகச் சேரலாம். மூன்றில் உருண்டைச் சீட்டு இருக்கும். ஒன்றில் மட்டும் இரண்டுமே சுருக்கச் சீட்டாக இருக்கும். இவ்வளவுதான் கணக்கு.

இது சின்ன விஷயமா? பாலில் டிகாக்ஷனை ஊற்றினால் கலந்துபோவது போலத் தாயும் தந்தையும் பிள்ளையிடம் கலந்துபோகிறார்கள் என்பதே அன்றைய அறிஞர்களின் எண்ணம். 1859-ல் பரிணாமத்தை விளக்கி நூல் எழுதிய டார்வினுக்கு அதனால் பெரிய சங்கடம். புதிதாகத் தோன்றும் நல்ல பண்பு நாலு தலைமுறையில் நீர்த்துப் போகுமானால், இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? 1867-ல் ஃப்ளீமிங் ஜென்கின் என்பவர் இதையே கேட்டு மடக்கினார். விடை ப்ரூன் தோட்டத்தில் இருந்தது. கலப்பது பாலும் டிகாக்ஷனும் அல்ல. ஒரே பையில் போட்ட கறுப்பு மணியும் வெள்ளை மணியும். எத்தனை முறை குலுக்கினாலும் மணி சாம்பல் நிறமாகாது. மறையும், அழியாது. மெண்டல் டார்வினின் நூலை ஜெர்மன் மொழியில் படித்துக் குறியிட்டு வைத்திருந்தார். டார்வினின் கைக்கோ மெண்டலின் கட்டுரை போய்ச் சேரவில்லை.

கேட்க ஆளில்லை

1865-ல் பிப்ரவரி 8-ந் தேதியும் மார்ச் 8-ந் தேதியும் ப்ரூன் இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் தம் கணக்கைப் படித்தார். மறு ஆண்டு கட்டுரை அச்சாயிற்று. 40 தனிப் பிரதிகளை வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். மதித்துப் பதில் எழுதியவர் முனிச் பேராசிரியர் நேகேலி. அவரும் விஷயத்தின் பெருமையை உணரவில்லை. வேறொரு காட்டுச் செடியைப் பற்றியே அவர்களுடைய கடிதங்கள் வளர்ந்தன. அந்தச் செடி பெரும்பாலும் கலப்பின்றியே விதை உண்டாக்குவது. அதில் கணக்குப் பொருந்தவில்லை. மெண்டலின் கண்களும் அதில் கெட்டன.

1868-ல் மடத்தின் தலைவரானார். ஆராய்ச்சிக்கு நேரம் போயிற்று. 1874-ல் மடங்களுக்குச் சர்க்கார் விதித்த வரியைக் கட்ட மறுத்து, சாகும் வரை வழக்காடினார். மடத்துச் சொத்துக்கு வரி கூடாதென்ற அந்தச் சண்டையில் நாம் அவர் பக்கம் நிற்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்குப் போயிருக்க வேண்டிய கடைசிப் பத்து ஆண்டுகளை அது தின்றுவிட்டதே என்பதுதான் நம் வருத்தம். 1884 ஜனவரி 6-ல் சிறுநீரக நோயால் இறந்தார். அவருடைய குறிப்புக் காகிதங்களைப் பின்வந்தவர்கள் எரித்துவிட்டார்கள்.

16 ஆண்டுகள் கழிந்தன. 1900-ல் டி விரீஸ், கோரென்ஸ், செர்மாக் என்ற மூவர் தனித்தனியே அதே விதியைக் கண்டனர். தேடிப் பார்த்தால் 34 ஆண்டுகளுக்கு முன்பே அது அச்சில் கிடந்தது! இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெண்டலின் எண்கள் விதிக்கு அளவு மீறிப் பொருந்துகின்றன என்று 1936-ல் ரொனால்ட் ஃபிஷர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த விவாதம் பல்லாண்டு நடந்தது. ஆனால் விதி அசையவில்லை. எத்தனையோ தோட்டங்களில் எத்தனையோ பேர் எண்ணிவிட்டார்கள். அதே மூன்றுக்கு ஒன்று.

அவர் பெயரால் நடந்தவை

உண்மை வெளிவந்தது. உடனே அதைத் திரிக்கவும் ஆட்கள் வந்தார்கள். வறுமையும் குடியும் குற்றமும் ஏழையின் பரம்பரைச் சொத்து. அவர்களைப் பெருகவிடக் கூடாது என்றார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டன. 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனி போட்ட சட்டத்தால் ஏறக்குறைய 4,00,000 பேர் அறுத்து மலடாக்கப்பட்டார்கள். பட்டாணியின் நிறத்தைப் பற்றிய கணக்கை வைத்து மனிதனின் மானத்தைப் பறித்தார்கள்.

மறுபக்கத்தில் நடந்ததையும் மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மெண்டலின் விதியே முதலாளிகளின் கற்பனை என்றார். ஆட்சியின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. உலகெங்கும் அலைந்து விதை சேகரித்த பெரும் விஞ்ஞானி வவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் சரத்தோவ் சிறையில் மாண்டார். 1948-ல் மெண்டலின் விஞ்ஞானமே தடுக்கப்பட்டது. 1960-களின் நடுவில்தான் அந்த இருள் விலகியது. உழைப்பாளியின் பெயரைச் சொன்னாலும் சரி, உயர்ந்த இனத்தின் பெயரைச் சொன்னாலும் சரி, உத்தரவு போட்டுப் பட்டாணியின் கணக்கை மாற்ற முடியாது. நம் தோழர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

எழுத்தைப் படித்த காலம்

மெண்டல் சொன்ன சீட்டு எது? அது டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1953-ல் அதன் முறுக்கேணி வடிவம் புலப்பட்டது. ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துகள். அந்த நாலும் மாறி மாறி வரும் வரிசைதான் செய்தி. உயிர் ஒன்றின் முழுச் செய்திக்கும் ஜீனோம் என்று பெயர். மனிதனுக்கு அது ஏறக்குறைய 300 கோடி எழுத்து. நாம் கொறிக்கும் பட்டாணிக்கு? ஏறக்குறைய 445 கோடி! நீளத்தை வைத்துப் பெருமை பேசலாம் என்றால் பட்டாணியே நம்மைவிட உயர்ந்த சாதி.

இதைப் படிப்பது எப்படி? 1977-ல் ஃபிரெடரிக் சாங்கர் ஒரு வழி கண்டார். இழையைப் பிரதி எடுக்கவிட்டு, நடுவே முற்றுப்புள்ளி போன்ற போலி எழுத்துகளைக் கலந்துவிடுவது. போலி சேர்ந்த இடத்தில் பிரதி நின்றுவிடும். நின்ற பிரதிகளை நீளவாரியாக அடுக்கினால் எந்த இடத்தில் எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரே மூச்சில் சில நூறு எழுத்துகளுக்கு மேல் படிக்க முடியாது. என்ன செய்வது? இந்தப் பத்திரிகையின் நூறு பிரதிகளைக் கண்டபடி கிழித்துக் கலந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் கடைசி வரியும் இன்னொரு துண்டின் முதல் வரியும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் ஒட்டலாம். அப்படியே ஒட்டிக்கொண்டு போனால் முழுப் பத்திரிகையும் வந்துவிடும். கோடிக்கணக்கான துண்டுகளைக் கம்ப்யூட்டர் இப்படித்தான் ஒட்டுகிறது. 1990-ல் தொடங்கிய மனித ஜீனோம் வேலை 2003-ல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. விட்டுப்போன இடைவெளிகள் 2022-ல் நிரம்பின. பட்டாணியின் ஜீனோம் 2019-ல் வெளிவந்தது.

மெண்டலின் சீட்டுகளையே இப்போது கண்ணால் பார்க்கிறோம். 1990-ல் சுருங்கிய விதையின் இரகசியம் வெளிப்பட்டது. மாவுப்பொருள் செய்யும் ஜீனுக்குள் ஏறக்குறைய 800 எழுத்து கொண்ட அந்நியத் துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது, மாவு குறைகிறது, சர்க்கரையும் நீரும் கூடுகின்றன, காய்ந்ததும் விதை சுருங்குகிறது. 1997-ல் குட்டைச் செடியின் கதை தெரிந்தது. வளர்ச்சிப் பொருளான ஜிப்பரெல்லினைச் செய்யும் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தமிழ்நாட்டு வயல்களிலும் பயிரான ஐ.ஆர்.8 குட்டை நெல்லிலும் அதே ஜிப்பரெல்லின் வேலைதான் வேறொரு படியில் தடைப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவின் பட்டாணிக்கும் நம் நெல்லுக்கும் ஒரே பட்டறைதான்.

2007-ல் நடந்தது இன்னும் அழகானது. வாடும் காலத்திலும் பச்சை மாறாத ஒரு புல் வகையை வைத்திருந்தார்கள். அதன் ஒன்றுவிட்ட உறவான நெல்லின் ஜீனோம் அதற்குள் படிக்கப்பட்டுவிட்டது. புல்லை நெல்லோடு ஒப்பிட்டுப் பச்சையைப் போக்கும் ஜீனைப் பிடித்தார்கள். அதே ஜீனைப் பட்டாணியில் பார்த்தால், அதுதான் மெண்டலின் மஞ்சள் - பச்சைச் சீட்டு! புல்லின் முன்னோரும் பட்டாணியின் முன்னோரும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் ஜீன் அடையாளம் தெரிகிறது. 2010-ல் பூ நிறத்தின் ஜீன் கிடைத்தது. மீதி மூன்றும், ஏறக்குறைய 700 பட்டாணி வகைகளின் ஜீனோம்களை ஒப்பிட்ட சீன, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களால் 2025-ல் கண்டுபிடிக்கப்பட்டன. ஏழு சீட்டும் கைக்கு வர 160 ஆண்டுகளாயின.

பிழை சொல்லும் உறவு

ஒப்பிடுவதால் உறவு எப்படித் தெரியும்? அச்சகத் தோழர்களைக் கேளுங்கள். இரண்டு புத்தகங்களில் ஒரே பக்கத்தில் ஒரே வரியில் ஒரே அச்சுப் பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அவர் சொல்லிவிடுவார். சரியாக இருப்பது தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். பிழைகள் அப்படியே ஒத்துப்போவது அரிது.

மனிதனுக்கு வைட்டமின் சி தானாக ஊறாது. அதனால்தான் நெடுங்கடலில் போன மாலுமிகள் ஈறு வீங்கிச் செத்தார்கள். எலிக்கும் ஆட்டுக்கும் அந்தக் கஷ்டம் இல்லை. அவை தாமே செய்துகொள்கின்றன. அதற்கான ஜீன் நம்மிடமும் இருக்கிறது, உடைந்துபோய்! சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் குரங்குகளிடமும் அதே ஜீன் உடைந்து கிடக்கிறது. நம்மோடு பங்கிட்டுக்கொண்ட பிழைகளோடு. கினிப்பன்றியிடமும் உடைந்திருக்கிறது, ஆனால் வேறு மாதிரி உடைந்திருக்கிறது, அது தனிக் கதை. 2005-ல் சிம்பன்சியின் ஜீனோமை மனிதனுடையதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நேருக்கு நேர் வைக்கக்கூடிய பகுதிகளில் 100 எழுத்துக்கு ஒன்றைவிடச் சற்று அதிகமாகவே வித்தியாசம்.

மனிதனுக்கும் மனிதனுக்கும்? ஏறக்குறைய 1,000 எழுத்துக்கு ஒன்று. அந்தச் சிறு வித்தியாசத்திலும் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972-லேயே ரிச்சர்ட் லெவான்டின் கணக்கிட்டார். உயர்ந்த இரத்தம் எங்கே? தாழ்ந்த இரத்தம் எங்கே? மெண்டலின் விதியில் ஓங்கிய பண்பு என்று ஒன்றிருக்கிறது. ஓங்கியது உயர்ந்ததல்ல, வெளியே தெரிவது, அவ்வளவுதான்.

எலும்பு சொன்னதும் சொல்லாததும்

மெண்டலின் 200-வது பிறந்த ஆண்டு 2022. அதையொட்டி 2021-ல் பர்னோவின் மத்தியக் கல்லறையில் மடத்துக்காரர்களின் சமாதியைத் திறந்தார்கள். எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அவருடைய புத்தகங்களிலும் பொருள்களிலும் ஒட்டியிருந்த டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, அவர்தான் என்று உறுதி செய்தார்கள். பரம்பரை விதி கண்டவரின் ஜீனோமே படிக்கப்பட்டது. இருதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் இடமளிக்கும் மாறுதல்கள் அதில் இருந்ததாகச் சொன்னார்கள்.

அதில் எழுதியிராதவற்றை நாம் சொல்கிறோம். வாரம் மூன்று நாள் கூலியில்லாமல் உழைத்த தந்தையின் நசுங்கிய மார்பு அதில் இல்லை. அரைச் சாப்பாடு அதில் இல்லை. தங்கை கொடுத்த சீதனப் பணம் அதில் இல்லை. 28,000 செடிகளின் முன் குனிந்து நின்ற எட்டு ஆண்டுகள் அதில் இல்லை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த 300 கோடி எழுத்தும் ஹைன்சென்டார்ஃபின் வயலில் மண்வெட்டி பிடித்தே மக்கிப் போயிருக்கும். அப்படி மக்கிப்போன மெண்டல்கள் எத்தனை பேரோ!

பிறப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இனி எவராவது விஞ்ஞானத்தின் பேரால் பேச வந்தால், நம் தோழர்கள் கோபப்பட வேண்டாம். பிறப்பின் விதியைக் கண்டுபிடித்தவர் எந்த இடத்துப் பிள்ளை என்று மட்டும் கேளுங்கள். படிக்க அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். நம் பேட்டைகளிலும் சேரிகளிலும் அரை வயிற்றோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அதே கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம்.